குட்டிப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பண்ணைக்குப் போனோம் – காசு கொடுத்து ஆடு பார்த்தது தப்பா?

பாளை அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். இதுவரை இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை.

என் மகளுக்கு இப்போது ஒரு வயது ஒன்பது மாதம். பாளையங்கோட்டையில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். அவளுக்குத் தெரிந்த உயிரினங்கள் காக்கா, பல்லி, கீழ்வீட்டு நாய், அவ்வளவுதான். ஆடு என்றால் படப்புத்தகத்து ஆடு. அதுவும் பஞ்சு மூட்டைக்குக் கால் முளைத்த மாதிரி வெள்ளைக்காரத் தேசத்து ஆடு. போன மாதம் தெருவில் நிஜ ஆடு ஒன்று போனது. கையை நீட்டி "பௌ பௌ" என்றாள். அன்றைக்கு ராத்திரியே இவரிடம் சொல்லிவிட்டேன், பிள்ளையை எங்கேயாவது கூட்டிப் போயே ஆக வேண்டும் என்று.

பேட்டை தாண்டி சுத்தமல்லிப் பக்கம் ஒருவர் தென்னந்தோப்புக்குள் ஆடு, மாடு, கோழி, முயல் எல்லாம் வைத்து, பிள்ளைகள் வந்து பார்க்கும்படி நடத்துகிறார். (பெயர் வேண்டாம். நல்லது கொஞ்சம், குறை கொஞ்சம் எழுதப் போகிறேன்.) பெரியவர்களுக்கு 100 ரூபாய், மூன்று வயதுக்குள் இருந்தால் இலவசம். ஒரு கட்டு அகத்திக்கீரை 20 ரூபாய். காலை ஏழு மணிக்குக் கிளம்புவதாகத் திட்டம். கிளம்பியது எட்டேமுக்கால். பிள்ளை வைத்திருப்பவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

முதல் பத்து நிமிஷம் என் இடுப்பை விட்டு இறங்கவே இல்லை. வான்கோழி ஒன்று சிறகை விரித்துக்கொண்டு வந்து நின்றதும் என் கழுத்தைப் பிடித்த பிடியில் தாலிச் சங்கிலி பதிந்துவிட்டது. அப்புறம் ஒரு குட்டி ஆடு வந்தது. கறுப்பு. முகத்தில் மட்டும் கண்ணுக்கு மேலிருந்து மூக்கு வரை இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு, யாரோ சுண்ணாம்பில் விரலைத் தொட்டு இழுத்த மாதிரி. தோப்புக்காரர் "கன்னி ஆடும்மா, நம்ம கரிசக்காட்டு ஆடு" என்றார். இவள் கையில் ஒரே ஒரு அகத்தி இலை. குட்டி கழுத்தை நீட்டி உதட்டாலேயே அதைத் தடவித் தடவி எடுத்தது. உள்ளங்கையில் மூச்சுக் காற்று பட்டதும் இவள் கையை வெடுக்கென்று இழுத்து, அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவளாகவே மறுபடியும் நீட்டினாள், இலை இல்லாமலே.

அதோடு கதை முடிந்தது என்று நினைத்தால் இல்லை. மீதி நேரம் முழுக்கக் கோழிகளுக்குத் தண்ணீர் வைக்கும் மண் தொட்டியில் கையை விட்டு அளைந்துகொண்டிருந்தாள். மாடு, முயல், வாத்து எதையும் சட்டை செய்யவில்லை. நாங்கள் இரண்டு பேரும் 200 ரூபாய் கொடுத்துத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

குறை என்றால் கை கழுவக் குழாய் இருந்தது, சோப்பு இல்லை. கேட்டதற்கு "இருந்துச்சும்மா, காக்கா தூக்கிட்டுப் போயிட்டு" என்றார்கள். பத்தரை மணிக்கு மேல் வெயில் தாங்கவில்லை. திரும்பும்போது பேட்டை வருவதற்குள் தூங்கிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து சொன்னால் இவருடைய அண்ணன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "திருநெல்வேலிச் சீமையில இருந்துகிட்டு காசு குடுத்து ஆடு பாத்தீங்களா?" அதைத்தான் இங்கேயும் கேட்கிறேன். நாங்கள் செய்தது அவ்வளவு கோட்டித்தனமா? வேறு நல்ல இடம் இருந்தாலும் சொல்லுங்கள்.

தச்சநல்லூர் அண்ணாச்சி:

தங்கச்சி, தப்பாக நினைக்காதீர்கள், உங்கள் கொழுந்தனார்... இல்லை, இவருக்கு அண்ணன் என்றால் அத்தான். உங்கள் அத்தான் சொன்னதில் என்ன தப்பு? நாங்கள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஆடு எங்களைப் பார்க்க வரும். திண்ணையில் புத்தகத்தை வைத்துவிட்டு எழுந்தால் பாதிப் பக்கம் அதன் வாயில் இருக்கும். இன்றைக்கு அதே ஆட்டைப் பார்க்க டிக்கெட்! நாளைக்குத் தாமிரபரணியில் காலை நனைக்கவும் டோக்கன் போடுவான்கள், நாம் வரிசையில் நிற்போம்.

ஊர்ப்பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்கு ஒரு நாள் கூட்டிப் போங்கள். இலவசம். சாப்பாடும் போட்டு அனுப்புவார்கள்.

இரண்டு பிள்ளைக்காரி:

அண்ணாச்சி, நான் அப்படித்தான் போனேன். வள்ளியூர்ப் பக்கம் என் நாத்தனார் வீடு. பிள்ளைக்கு அப்போது இரண்டு வயது. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு ஒன்று, கட்டாத நாய் இரண்டு, புதிதாகக் கன்று போட்ட பசு ஒன்று. கன்றுக்குட்டியைக் காட்டலாம் என்று பக்கத்தில் போனால் தாய்ப்பசு தலையைத் தாழ்த்திவிட்டது. முட்டவில்லை, ஆனால் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. நாள் முழுக்கப் பிள்ளை பின்னாலேயே ஓடினேன். அங்கே இருப்பவர்களோ "நாங்க வளக்கலையா, சும்மா விடு" என்றார்கள்.

பெரிய பிள்ளைகளுக்கு ஊர்தான் சொர்க்கம். நடக்கத் தெரிந்து, பயம் தெரியாத வயசு இருக்கிறதே, அதற்கு வேலி போட்ட இடம்தான் சரி. அந்த 100 ரூபாய் ஆட்டுக்கு இல்லை, வேலிக்கு.

பாளை அம்மா, தண்ணீர்த் தொட்டியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். என் சின்னவன் அப்படி ஒரு இடத்தில் முழுசாக ஒரு மணி நேரம் கேட்டைத் திறந்து திறந்து மூடினான். அந்தத் தாழ்ப்பாளை இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறான்.

வெட்னரி டாக்டரம்மா:

நான் கால்நடை மருத்துவர், அதனால் என் பங்குக்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அந்தக் குட்டி உதட்டால் இலையை எடுத்தது என்று எழுதியிருந்தீர்கள், நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள். ஆடு, மாடு இரண்டுக்கும் மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. அந்த இடத்தில் தடித்த ஈறு மாதிரி ஒரு திண்டுதான் இருக்கும். உதடு, நாக்கு, கீழ்ப்பற்கள் மூன்றையும் வைத்துத்தான் இலையைப் பிய்க்கும். அதனால் உள்ளங்கையை விரித்து நீட்டினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. விரலைக் குவித்து இலையைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுக்கும், உள்ளே போனால் கடைவாய்ப் பல் இருக்கிறது. முயலை நம்பாதீர்கள். அதற்கு மேலும் கீழும் உளி மாதிரி பல். பஞ்சு மாதிரி இருக்கிறதே என்று விரலைக் கொடுத்தால் ரத்தம் வரும்.

பிஸ்கட், சோறு, வாழைப்பழம் என்று கையில் இருப்பதையெல்லாம் ஊட்ட வேண்டாம். ஒருவர் ஒரு பிஸ்கட் கொடுத்தால் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஐம்பது பேர் வந்து ஐம்பதும் அதே குட்டிக்கு என்றால் அதன் வயிறு என்ன ஆகும்? மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் எங்களிடம் வரும் மாடுகளைப் பார்க்க வேண்டும். பாசத்தில் பானை பானையாகப் பொங்கல் வைத்திருப்பார்கள். மாவுச்சத்து ஒரேயடியாகப் போனால் மாட்டு வயிற்றின் முதல் அறையில் அமிலம் ஏறிவிடும். மாடு அசை போடாமல், எழுந்திருக்காமல் படுத்துவிடும். உயிரே போன மாடுகளும் உண்டு. குழைதான் நல்லது. அகத்தி, வேம்பு, சவுண்டல், எதுவாக இருந்தாலும் அளவோடு.

அடுத்தது சோப்பு. காக்கா மேல் பழியைப் போட்டது அழகுதான், ஆனால் இது விளையாட்டுக் காரியம் இல்லை. ஆடு மாடுகளின் சாணத்தில் இருக்கும் சில கிருமிகள் அவற்றை ஒன்றும் செய்யாது, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் படுக்கப் போட்டுவிடும். 2009-இல் இங்கிலாந்தில் சர்ரே பக்கம் ஒரு பண்ணைக்குப் போனவர்களில் 90 பேருக்கு மேல் ஈ-கோலைக் கிருமி தொற்றியது. பெரும்பாலும் சின்னப் பிள்ளைகள். சிலருக்குச் சிறுநீரகமே பாதித்தது. ஹேண்ட் சானிடைசர் பையில் இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். சாணியும் மண்ணும் ஒட்டிய கையில் அது சரியாக வேலை செய்யாது, கிரிப்டோஸ்போரிடியம் போன்ற வயிற்றுப்போக்குக் கிருமிகள் அதற்குச் சாகவே சாகாது. சோப்பும் ஓடுகிற தண்ணீரும்தான் வேண்டும். ஒரு சின்ன சோப்பை டப்பாவில் போட்டுக் கையோடு கொண்டு போங்கள், காக்காவுக்கும் எட்டாது.

கோழித் தொட்டித் தண்ணீரில் அளைந்த கை வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொண்டீர்கள் என்று நம்புகிறேன். பால் பாட்டிலும் நிப்பிளும் கீழே விழுந்தால் துடைத்துக் கொடுக்கக் கூடாது. "இப்பதான் கறந்தது, நுரையோட குடிச்சா உடம்புக்கு நல்லது" என்று பச்சைப்பாலை யாராவது நீட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள், வீட்டில் காய்ச்சிக் கொடுங்கள். ஊர் வீடுகளில் நாய் நகம் கீறினாலும் பல் பட்டாலும் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரி. மஞ்சள் வைக்கிறேன், சுண்ணாம்பு வைக்கிறேன் என்று உட்காரக் கூடாது.

பாளை அம்மா:

டாக்டரம்மா, கை வாய்க்குப் போனது. ஒரு தடவை. நான்கு நாளாகிவிட்டது, நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனாலும் இதைப் படித்துவிட்டு இன்றைக்கு நான் தூங்கின மாதிரிதான்.

வெட்னரி டாக்டரம்மா:

பயப்பட வேண்டாம். நான்கு நாள் தாண்டியாகிவிட்டது. இன்னும் ஒரு வாரம் பார்த்துக்கொள்ளுங்கள். வயிற்றுப்போக்கு நிற்காமல் இருந்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ தாமதிக்காமல் குழந்தை டாக்டரிடம் போய், பண்ணைக்குப் போனதையும் சொல்லுங்கள். தூங்குங்கள்.

லண்டன்ல ஒரு பாளையங்கோட்டைக்காரன்:

அண்ணாச்சி காசு கொடுத்து ஆடு பார்ப்பதைச் சொல்லிச் சிரிக்கிறார். இங்கே இது ஐம்பது வருஷமாக நடக்கிறது, அதுவும் பெரும்பாலும் இலவசமாக. சிட்டி ஃபார்ம் என்பார்கள், நகரத்துக்கு நட்ட நடுவில் பண்ணை. முதலில் வந்தது கென்டிஷ் டவுன் பண்ணை, 1972-இல். ரயில் தண்டவாளத்தை ஒட்டிச் சும்மா கிடந்த இடத்தை அந்தப் பகுதி ஆட்களே துப்புரவாக்கித் தொடங்கினார்கள். அதைப் பார்த்து மற்ற ஊர்களிலும் வந்தது.

நாங்கள் வழக்கமாகப் போவது மட்ஷூட். 32 ஏக்கர், 1977-இலிருந்து பண்ணையாக இருக்கிறது. பக்கத்துக் கப்பல் துறையில் தூர் வாரிய சகதியைக் கொண்டு வந்து கொட்டிய இடம், பெயரே அதில்தான் வந்தது (மட் என்றால் சகதி). குளத்தில் தூர் வாரிக் கரையில் போடுவோமே, அதே கதைதான். இன்றைக்கு அங்கே நின்றால் முன்னால் செம்மறி மேய்கிறது, பின்னால் கண்ணாடிக் கட்டடமாக வங்கிகள். என் மகனின் முதல் வார்த்தையே அங்கே வந்ததுதான். "மா" என்றான். என் மனைவி தன்னைத்தான் கூப்பிடுகிறான் என்று அழுதேவிட்டாள். அவன் மாட்டைப் பார்த்துச் சொன்னான் என்பதை நான் இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.

டாக்டரம்மா சொன்ன கை கழுவும் காரியத்தில் இங்கே பயங்கரக் கண்டிப்பு. போகிற வழியெல்லாம் பலகை, குழாய், சோப்பு. குட்டி போடுகிற காலத்தில் மாசமாக இருக்கும் பெண்கள் செம்மறி பக்கம் போக வேண்டாம் என்று தனியாக எழுதியே வைப்பார்கள். அதை நம் ஊரிலும் சொல்லிவைப்பது நல்லது.

ஒரு குறை உண்டு. வருஷத்தில் பாதி நாள் மழையும் சேறும்தான். பிள்ளைக்கு ரப்பர் பூட்ஸ், மேலே இரண்டு அடுக்குச் சட்டை, அதன் மேல் மழைக்கோட்டு. ஆட்டுக்குட்டியைத் தொடக் கையுறையைக் கழற்ற வேண்டும், கழற்றினால் குளிருகிறது என்று அழுவான். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு மண்ணில் விட முடிகிறதே உங்களால், அதற்கு நான் 100 இல்லை, 1000 கொடுப்பேன்.

தச்சநல்லூர் அண்ணாச்சி:

இலவசம் என்றால் நானும் வருவேனே தம்பி. டிக்கெட் போட்டுத் தாரும்.

கல்லிடை வாத்தியார்:

இன்னும் கொஞ்ச நாளில் எங்கள் பக்கம் பிசான நெல் அறுப்பு மும்முரமாகிவிடும். அறுத்த வயலில் வாத்துக்காரர்கள் வந்து இறங்குவார்கள். நூற்றுக்கணக்கில் வாத்து, கையில் நீளமான கம்போடு இரண்டே ஆள். சிந்தின நெல், நத்தை, புழு என்று பொறுக்கிக்கொண்டே வயல் வயலாக நகரும். சாயந்திரம் வலையைச் சுற்றிக் கட்டிக் கிடை போடுவார்கள். விடியற்காலையில் வலைக்குள் அங்கங்கே முட்டை கிடக்கும்.

போன வருஷம் பேத்தியைத் தோளில் உட்காரவைத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். வாத்துக்கூட்டம் மொத்தமாகத் திரும்புவது இருக்கிறதே, முன்னால் போகிற ஒன்று கழுத்தைத் திருப்பினால் போதும், துணியை உதறின மாதிரி அத்தனையும் ஒரே அலையாகத் திரும்பும். பேத்தி என் வழுக்கையில் தாளம் போட்டாள். செலவு, எனக்கு ஒரு டீ, வாத்துக்காரருக்கு ஒரு டீ.

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் ரோட்டில் பங்குனி வாக்கில் சும்மா வண்டியில் போனாலே தென்படும். ஆனால் இன்ன தேதி, இன்ன இடம் என்று சொல்ல முடியாது. அவர்கள் நெல்லுக்குப் பின்னால் போகிறவர்கள்.

நாங்குநேரி நாராயணன்:

வாத்து வரைக்கும் வந்துவிட்டீர்கள், கூந்தன்குளத்தை யாரும் சொல்லவில்லையே. எங்கள் தாலுகாதான். 1994-இலிருந்து பறவைகள் சரணாலயம். அதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே ஊர்க்காரர்கள் பறவைகளை வீட்டுப் பிள்ளைகள் மாதிரி பார்த்துக்கொள்கிறார்கள். மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் வீட்டு முற்றத்து மரத்திலேயே கூடு கட்டும். தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. எச்சம் விழுகிறதே என்று யாரும் சலித்துக்கொள்வதும் இல்லை, குளத்துத் தண்ணீரோடு அது வயலுக்கு உரமாகப் போகிறது. மாசி, பங்குனி நல்ல நேரம். வடக்கே இமயமலை தாண்டி வரும் வரித்தலை வாத்தையும் அதிர்ஷ்டம் இருந்தால் பார்க்கலாம்.

பாளை அம்மா:

அண்ணன், கேட்கவே ஆசையாக இருக்கிறது. ஒன்றேமுக்கால் வயதுப் பிள்ளைக்குச் சரிவருமா?

நாங்குநேரி நாராயணன்:

உண்மையைச் சொன்னால், வராது. பறவையெல்லாம் தூரத்தில் நிற்கும், பைனாகுலரைப் பிள்ளை தலைகீழாகப் பிடிக்கும். என் அக்கா மகன் அங்கே வந்து அத்தனை நாரைகளையும் விட்டுவிட்டு ஒரு டிராக்டரைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான்கு வயதுக்கு மேல் கூட்டி வாருங்கள். ஆனால் உங்களுக்காக ஒரு தடவை வாருங்கள்.

சாலைக்குமாரன்:

கங்கைகொண்டான் மான் சரணாலயம்? மதுரை ரோட்டில்தான் இருக்கிறது, பக்கம்.

இரண்டு பிள்ளைக்காரி:

புள்ளிமான் காட்டில் இருக்கிற மான், தம்பி. 2013-இல் அறிவித்த சரணாலயம், 288 ஹெக்டேர். மான் நமக்காக வேலி ஓரம் வந்து நிற்காது. பிள்ளை "மான் எங்கே, மான் எங்கே" என்று கேட்டே ஓய்ந்துவிடும். தொடுவதும் ஊட்டுவதும் கூடவே கூடாது.

சாலைக்குமாரன்:

சரிதான் அக்கா. அப்படியென்றால் அபிஷேகப்பட்டியில் அரசு கால்நடைப் பண்ணை இருக்கிறதே?

வெட்னரி டாக்டரம்மா:

அது வளர்ப்புக்கும் இனப்பெருக்கத்துக்குமான பண்ணை, உல்லாசப் பயணத்துக்கான இடம் இல்லை. வெளி ஆட்கள் செருப்புக் காலோடு நோயைக் கொண்டுவந்துவிடுவார்கள் என்ற பயமும் உண்டு. கோமாரி அப்படித்தான் பரவும். பள்ளிக்கூடத்திலிருந்து போவதாக இருந்தால் முன்கூட்டியே எழுதிக் கேட்டுப் பாருங்கள்.

மட்டுறுத்துநர்:

பண்ணைக்குப் போகும் வழியில் எந்தக் கடை இட்லி நல்லது என்று தொடங்கி, அல்வா யாருடையது ஒசத்தி என்று போன 14 பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். அங்கே போய் அடித்துக்கொள்ளுங்கள்.

ஆட்டுக்காரன் மகன்:

பண்ணை வைத்திருப்பவன் பக்கத்திலிருந்தும் ஒரு வார்த்தை சொல்கிறேன். நானும் இரண்டு வருஷம் இப்படிப் பிள்ளைகள் வந்துபோகும் இடம் ஒன்று நடத்திப் பார்த்து மூடினவன்.

ஆடு வளர்ப்பது எனக்குப் பழகின வேலை, எங்கப்பா கிடை போட்டவர். ஆனால் ஆள் வந்து பார்க்கிற ஆடு வேறு சரக்கு. கிடாய் எல்லாம் முட்டும், அதைத் தனியாகக் கட்ட வேண்டும். பிறந்து பத்து நாள்கூட ஆகாத குட்டியைத்தான் எல்லாரும் தூக்கிப் படம் எடுக்கக் கேட்பார்கள். ஆள் மாற்றி ஆள் தூக்கினால் அது பால் குடிக்க நேரம் இருக்காது, தாய் கத்திக்கொண்டே கிடக்கும். "தூக்கக் கூடாதுங்க" என்றால் "காசு குடுத்திருக்கோம்ல" என்பார்கள். பூச்சி மருந்து, தடுப்பூசி, வாரநாளில் ஒருவரும் வராவிட்டாலும் தீவனம், ஆள் கூலி. 100 ரூபாயில் எனக்கு நின்றது கொஞ்சம்தான்.

வருகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்வேன். குட்டியைத் தூக்காமல், பிள்ளையைத் தரையில் உட்காரவையுங்கள். குட்டி தானாக வரும். வரவில்லை என்றால் அன்றைக்கு அதற்கு மனசில்லை, விட்டுவிடுங்கள். காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் வந்தால்தான் ஆடு துள்ளும். பத்து மணிக்கு மேல் அதுவும் நிழலில் படுத்து அசைபோடும், நீங்களும் வியர்த்து வழிவீர்கள்.

தாமிரபரணி:

அண்ணே, மூடினபிறகு ஆடுகளை என்ன செய்தீர்கள்?

ஆட்டுக்காரன் மகன்:

மேலப்பாளையம் சந்தை. வேறென்ன.

பாளை அம்மா:

எல்லாருக்கும் நன்றி. அண்ணாச்சிக்கு ஒரு பதில் பாக்கி இருக்கிறது.

சொந்தக்காரர் வீட்டுக்குப் போகச் சொன்னீர்கள். எங்கள் ஆச்சி வீடு முன்னீர்பள்ளம் பக்கம்தான், அரை மணி நேரம்கூட ஆகாது. மாதத்துக்கு ஒரு தடவை போகிறோம். நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது அந்தத் தொழுவில் நான்கு மாடு நின்றது. கழுநீர்த் தொட்டி, அதற்குள் பருத்திக்கொட்டை ஆட்டி ஊற்றின வாசம், மாடு மூக்கை முக்கிப் புஸ்ஸென்று விடுகிற சத்தம், எல்லாம் இன்னும் இருக்கிறது, எனக்குள். தொழுவில் இப்போது மாமா மகனின் பைக் நிற்கிறது. கடைசிப் பசுவைக் கொடுத்து ஆறு வருஷம் ஆகிறது. ஆச்சிக்கு முழங்கால் போய்விட்டது, புல் அறுக்க ஆள் இல்லை, மேய்ந்த வயல் மனையாகிவிட்டது. வியாபாரி ஓட்டிக்கொண்டு போனபோது ஆச்சி வெளியே வரவில்லை, அடுப்படியிலேயே இருந்தாள் என்று அம்மா சொல்வாள்.

அதனால் இலவசமாகப் பார்க்க ஊரில் ஆடும் இல்லை, மாடும் இல்லை அண்ணாச்சி. எங்கள் ஊர் மட்டும்தானா இப்படி?

தச்சநல்லூர் அண்ணாச்சி:

இல்லை தங்கச்சி. எங்கள் வீட்டுத் தொழுவை இடித்தது நானேதான். கார் நிறுத்த இடம் வேண்டியிருந்தது. நேற்று இதைப் படித்துவிட்டு ராத்திரி போய் அங்கே நின்றேன். கல்தொட்டி மட்டும் ஓரமாகக் கிடக்கிறது. அதில் என் வீட்டுக்காரி துளசி வைத்திருக்கிறாள்.

டிக்கெட் பேச்சை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அகத்திக்கட்டு 20 ரூபாய் என்பது அநியாயம், அதில் மாற்றம் இல்லை.

ஆட்டுக்காரன் மகன்:

அதில் நானும் உங்கள் கட்சி அண்ணாச்சி. நான் பத்துக்குத்தான் விற்றேன்.

பாளை அம்மா:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை டாக்டரம்மா, நன்றாக இருக்கிறாள்.

நேற்று மறுபடியும் அதே தோப்புக்குப் போனோம், இந்தத் தடவை ஆச்சியையும் கூட்டிக்கொண்டு. ஏழரைக்கே போய்விட்டோம். பையில் சோப்பு, மாற்று உடுப்பு இரண்டு ஜோடி, அகத்தி எங்கள் பக்கத்து வீட்டு மரத்தில் ஒடித்தது. தோப்புக்காரர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. குழாயடியில் சோப்பும் இருந்தது, கம்பியில் கோத்துக் கட்டி.

ஆட்டுக்காரர் அண்ணன் சொன்ன மாதிரி பிள்ளையைத் தரையில் உட்காரவைத்தோம். நெற்றிக்கோட்டுக் குட்டி வந்து முதலில் அவள் கவுன் நாடாவைச் சப்பியது. சிரித்தாள் பாருங்கள், வான்கோழியே திரும்பிப் பார்த்தது. "மே" என்கிறாள் இப்போது, ஆட்டையும் சொல்கிறாள், முயலையும் சொல்கிறாள், இன்று காலை பால்காரரையும் சொன்னாள்.

ஆச்சி இதையெல்லாம் கவனிக்கவே இல்லை. வந்ததிலிருந்து கன்றுக்குட்டி கட்டியிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வேலை பார்க்கும் பையனைக் கூப்பிட்டாள். "ஏல, இது யாரு போட்ட முடிச்சு?" கழுத்தில் சுருக்கு முடிச்சு. கன்று இழுத்தால் இறுகும் முடிச்சு. "ராத்திரி கால் மாட்டி விழுந்துச்சுன்னா காலையில கண்ணு இருக்காதுல." பையன் முழித்தான். ஆச்சி கம்பை என்னிடம் கொடுத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்து, கயிற்றை அவிழ்த்து இழுத்தாலும் இறுகாத முடிச்சாகப் போட்டாள். இரண்டு விரல் உள்ளே போகிறதா என்று விட்டுப் பார்த்தாள். விரல் நடுங்குகிறது, ஆனால் முடிச்சு ஒரே தடவையில் விழுந்தது. பையன் இன்னொரு தடவை காட்டச் சொன்னான். மூன்று தடவை அவிழ்த்துக் கட்டினாள். கன்று அவள் சேலை முந்தியை மென்றுகொண்டு நின்றது, அவள் தட்டிவிடவே இல்லை.

கிளம்பும்போது தோப்புக்காரர் ஆச்சிக்கு வாங்கின 100 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். ஆச்சி வாங்கி மடியில் செருகிக்கொண்டு, பருத்திக்கொட்டை எங்கே வாங்குகிறீர்கள், மூட்டை என்ன விலை என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டாள். நாங்கள் வண்டியில் ஏறி அரை மணி நேரம் காத்திருந்தோம்.